ஒத்திகை நடை

சில வருடங்களுக்கு முன்னால் மான்செஸ்டரில் ஆன்சைட்டில் இருந்தேன். ஓர் ஏப்ரல் மாதச் சனிக்கிழமை காலையில் ரயிலேறி ஈடேல் என்ற சிறிய ஊரில் இறங்கினேன். பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதிக்கு நடக்கப் போகிறவர்கள் இறங்கும் ஊர் அது. ஊரைத் தாண்டி மேடு ஏறும் பாதையில் ஆறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பதினைந்து வயது இருக்கும். ஒவ்வொருவர் பக்கத்திலும் அவர்கள் இடுப்பு உயரத்துக்கு ஒரு பை. ஒரு பெண் ஷூவைக் கழற்றிக் குதிகாலில் எழும்பியிருந்த கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பையன் வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான்.

"ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, "இது பிராக்டிஸ்தான்" என்றான்.

மதியம் நான் இறங்கி வரும்போது அந்த ஆறு பேரும் ஊருக்குள் ஒரு கடை வாசலில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். பைகள் சுவரோரம் கிடந்தன. பாவம், பாதியிலேயே திரும்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்தப் பரிதாபம் எவ்வளவு தப்பானது என்பது, அதற்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

அவர்கள் 'டியூக் ஆஃப் எடின்பரோ விருது' என்ற திட்டத்தில் இருந்தவர்கள். அந்த விருதின் கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. குர்ட் ஹான், 1886-ல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1920-ல் தெற்கு ஜெர்மனியில் ஒரு பள்ளியை நடத்த ஆரம்பித்தார். அந்தப் பள்ளியின் பெயர் சேலம். நம்ம சேலம் இல்லை, இருந்தாலும் ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றுதான். நாஜிகளை வெளிப்படையாக எதிர்த்ததால் 1933-ல் கைதானார், விடுதலையானதும் பிரிட்டனுக்கு வந்தார். 1934-ல் ஸ்காட்லாந்தில் கோர்டன்ஸ்டன் என்ற பள்ளியைத் தொடங்கினார். அங்கே ஆரம்பத்தில் சேர்ந்த மாணவர்களில் ஒருவர்தான் பின்னாளில் எடின்பரோ டியூக் ஆன இளவரசர் பிலிப்.

பிறகு போர் வந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. லிவர்பூல் கப்பல் கம்பெனி முதலாளி லாரன்ஸ் ஹோல்ட்டுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. உயிர்காப்புப் படகில் ஏறிய பிறகு, உடல் வலுவுள்ள இளம் மாலுமிகள் செத்துப்போகிறார்கள், வயதான மாலுமிகள் பிழைத்துக்கொள்கிறார்கள். இளைஞர்களுக்குக் குறைந்தது பலமல்ல, அனுபவம் என்று அவர் முடிவுக்கு வந்தார். ஹானும் ஹோல்ட்டும் சேர்ந்து 1941-ல் வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவி என்ற ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுக்க இயங்கும் அவுட்வர்ட் பவுண்ட் அமைப்பு அங்கிருந்து வந்ததுதான். உயிர் போகிற கஷ்டம் வருவதற்கு முன்னால், உயிர் போகாத கஷ்டத்தைக் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை.

1956-ல் பிலிப் பெயரில் விருதுத் திட்டம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநராக வந்தவர் ஜான் ஹன்ட். 1953-ல் எவரெஸ்ட்டை எட்டிய குழுவின் தலைவர். அந்தப் பயணத்தில் ஹிலாரியும் டென்சிங்கும் உச்சியில் நின்றது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஹன்ட் நடத்திய ஒத்திகைகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1952 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் குளிரில் கூடாரத்தையும் உடுப்பையும் ஷூவையும் சோதித்துப் பார்த்தார்கள். நேபாளம் போன பிறகும் நேராக எவரெஸ்ட்டுக்குப் போகவில்லை. தியாங்போச்சே மடாலத்தைச் சுற்றியிருந்த மலைகளில் சிறு குழுக்களாக ஏறி இறங்கி, உடம்பைக் காற்றுக் குறைவுக்குப் பழக்கினார்கள், ஆக்சிஜன் கருவிகளை மாட்டிப் பார்த்தார்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான விருதிலும் அதே ஒழுங்கு இருக்கிறது. வெண்கலத்துக்கு 2 பகல் 1 இரவு, வெள்ளிக்கு 3 பகல் 2 இரவு, தங்கத்துக்கு 4 பகல் 3 இரவு. நான்கு முதல் ஏழு பேர் கொண்ட குழு தன் சாப்பாட்டையும் கூடாரத்தையும் தானே சுமந்து, பெரியவர்கள் கூட நடக்காமல், தானே வழி கண்டுபிடித்துப் போக வேண்டும். அதற்கு முன்னால் வழக்கமாக ஒரு பயிற்சிப் பயணம் இருக்கும்.

அந்த வார இறுதியில் என்ன நடக்கும்? முதலில் பை. உடல் எடையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக்கூடாது என்பது பொதுவான அறிவுரை. 48 கிலோ இருக்கும் பெண் 12 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. கூடாரம், தூக்கப்பை, ஸ்பிரிட் அடுப்பு, தண்ணீர் எல்லாம் வைத்த பிறகு அந்த 12 கிலோவில் ரொம்ப மிச்சமிருக்காது. ஜீன்ஸ், ஷாம்பூ பாட்டில், மூன்றாவது ஸ்வெட்டர் எல்லாம் வீட்டில் அவசியமாகத் தெரியும். இரண்டாவது மணிநேரத்தில் ஒவ்வொன்றும் தோள்பட்டையில் உட்கார்ந்துகொண்டு கணக்குக் கேட்கும்.

அடுத்து நேரம். 1892-ல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். 3 மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பிள்ளைகள் இதை வைத்துத்தான் எத்தனை மணிக்கு எங்கே இருப்போம் என்று அட்டவணை போடுவார்கள். எங்கள் ஆபீஸில் போடும் எஸ்டிமேட் மாதிரியேதான்: தாளில் அழகாக இருக்கும். சுமையும் சேறும் கொப்புளமும் அதில் இருக்காது. தன் குழுவுக்கு அந்தக் கணக்கோடு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை நடந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

ஆனால் மலைக்கு இது பிராக்டிஸ் என்று தெரியாது.

1971 நவம்பர் 20, சனிக்கிழமை. எடின்பரோவைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவர் குழு ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கோர்ம் மலைத்தொடருக்கு வந்திருந்தது. வரைபடமும் திசைகாட்டியும் வைத்து வழி கண்டுபிடிக்கும் பயிற்சிக்காக இரண்டு நாள் பயணம். கடல் மட்டத்துக்கு 1100 மீட்டருக்கு மேல் விரிந்துகிடக்கும் பீடபூமி அது. பனிப்புயல் அடித்தால் தரையும் வானமும் ஒரே வெள்ளை. அந்த மாதத்தில் அங்கே மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

மாணவர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிந்து நடந்தார்கள். பீடபூமியின் நடுவில் கரன் என்ற பெயரில் ஒரு சிறு கொட்டகை இருந்தது. நிலைமை மோசமானால் அங்கே ஒதுங்கிக்கொள்ளலாம். வானிலை கெட்டது. வேகமான குழு கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆறு மாணவர்களும் இரண்டு பொறுப்பாளர்களும் இருந்த மற்ற குழுவால் போய்ச் சேர முடியவில்லை. அந்த ஆறு பேருக்கும் வயது 15 சுமார். தலைமை தாங்கிய பெண்ணே கல்லூரி மாணவி. அவருக்கு உதவியாக வந்தவருக்கு 18 வயது. புயலில் திறந்த வெளியில் இரண்டு இரவுகள் கிடந்தார்கள். திங்கட்கிழமை, உதவி தேடித் தவழ்ந்து வந்துகொண்டிருந்த அந்தத் தலைவியை ஹெலிகாப்டரில் தேடியவர்கள் பார்த்தார்கள். அவரும் ஒரு பையனும் பிழைத்தார்கள். ஐந்து மாணவர்களும் உதவியாளரும் குளிரில் இறந்துபோனார்கள். பிரிட்டனின் மலையேற்ற விபத்துகளில் இதையே ஆக மோசமானது என்கிறார்கள்.

அதன் பிறகு பிள்ளைகளை மலைப்பக்கமே விடக்கூடாது என்று பிரிட்டன் முடிவெடுத்திருக்கலாம். அது நடக்கவில்லை. 1972-ல் விசாரணை நடந்தது. பள்ளிக் குழுக்களை அழைத்துப்போகிறவர்களுக்கு முறையான தகுதி வேண்டும் என்ற நிபந்தனைகள் வந்தன.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தக் கொட்டகையைப் பற்றி நடந்த சண்டைதான். அதை வைத்திருப்பதா, இடிப்பதா? மலையேறிகள், காவல்துறை, அரசியல்வாதிகள் எல்லோரும் கசப்பாக மோதிக்கொண்டார்கள். ஒரு தரப்பின் வாதம் எளிமையானது: கொட்டகை உயிரைக் காப்பாற்றும். அன்றைக்கு ஒரு குழு அதற்குள்தான் பிழைத்துக் கிடந்தது. இன்னொரு தரப்பு சொன்னது: அந்தக் கொட்டகை இருப்பதால்தான் ஆட்கள் அவ்வளவு தூரம் போகிறார்கள். பனியில் மூடிப்போனால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. கண்டுபிடிக்க முடியாத அடைக்கலத்தை நம்பி ஒரு திட்டம் போட வைப்பது ஆபத்து. கடைசியில் 1975-ல் கொட்டகையை இடித்தார்கள்.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆறு பேர் செத்த இடத்தில் ஒதுங்க இருந்த கூரையையும் பிரிப்பார்களா? பிறகு என் வேலையை நினைத்துப் பார்த்தேன். ஒரு முறை, ஏதாவது தப்பானால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம் என்ற தைரியத்தில் ஒரு ரிலீஸை வெள்ளிக்கிழமை இரவு ஏற்றினோம். தப்பானது. திரும்பப் போனோம், அந்த வழி வேலை செய்யவில்லை. அதை யாரும் அதற்கு முன் ஓட்டிப் பார்த்ததே இல்லை. எங்களுக்குப் போனது ஒரு வார இறுதித் தூக்கம், அவ்வளவுதான். ஆனால் அது இருக்கிறது என்ற எண்ணம் இல்லாவிட்டால் நாங்கள் அன்றைக்கு ஏற்றியே இருக்க மாட்டோம். கொட்டகையை இடிக்கச் சொன்னவர்கள் பேசியது இதைத்தான். அவர்கள் சொன்னது முழுக்கச் சரி என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை, அந்த வேகமான குழுவை நினைத்தால். தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

ஒத்திகையில் உயிர் போவது 1971-ஓடு முடிந்துவிடவும் இல்லை. இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு மேட்டில் 1960 முதல் ராணுவம் 'டென் டார்ஸ்' என்ற நெடுநடையை நடத்துகிறது. ஆறு பேர் கொண்ட இளைஞர் குழுக்கள் இரண்டு நாளில் 35, 45 அல்லது 55 மைல் நடக்க வேண்டும். 2007 மார்ச்சில், அதற்கான பயிற்சியின்போது 14 வயதுப் பெண் ஒருத்தி மழையில் பெருகிய ஓடையில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தாள். நிகழ்ச்சி நடப்பது மே மாதம், தயார்ப்படுத்த வேண்டியது குளிர்காலத்தில். அதனால் பயிற்சியில் சந்திக்கும் வானிலை நிஜத்தைவிட மோசமாக இருக்க வாய்ப்பு உண்டு.

அப்படியென்றால் ஒத்திகையை நிஜத்திலிருந்து பிரிப்பது எது? மலை அதேதான், குளிரும் ஓடையும் அதேதான். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு வித்தியாசம். ஒத்திகையில் திரும்பி வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. எவரெஸ்ட் வருடக்கணக்கில் திட்டமிட்டது, திரும்புவது கடினம். விருதுக்கான கடைசிப் பயணத்தில் மதிப்பீட்டாளர் வருவார், திரும்புவது கொஞ்சம் கடினம். பயிற்சி வார இறுதியில் மட்டும் "போதும், இறங்கிடலாம்" என்று ஒரு பதினைந்து வயதுப் பெண்ணால் சொல்ல முடியும். அதைச் சொல்லிப் பழகாதவள் பெரிய பயணத்தில் முதல் தடவையாகச் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

ஈடேலில் அந்த ஆறு பேரும் ஏன் இறங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. கொப்புளமாக இருக்கலாம், வரைபடக் குழப்பமாக இருக்கலாம். ரயிலுக்குக் காத்திருந்தபோது அந்தப் பையன் பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, எதெது தேவைப்படவில்லை என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கொப்புளம் வந்த பெண் வெறும் காலை நீட்டி வைத்து மிச்ச சிப்ஸைத் தின்றுகொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவர்கள் மறுபடி போயிருப்பார்கள்.