அலுமினியப் படிக முகத்தில் ஆக்சிஜன்: தடையின் அளவும் வினையின் வழியும்

அலுமினியம் காற்றில் பட்டதுமே ஆக்சைடு போர்த்திக்கொள்ளும் என்று பள்ளியில் படித்தோம். அது பொய்யில்லை. ஆனால் அதன் (111) படிக முகத்தை மீவெற்றிடத்தில் துப்புரவாக்கி, அறைவெப்பநிலை ஆக்சிஜனைப் படவிட்டால், நூற்றில் ஏறக்குறைய ஒரு மூலக்கூறே ஒட்டுகிறது. மற்றவை வந்த வழியே திரும்பிவிடுகின்றன. காற்றில் இந்தத் தயக்கம் வெளியே தெரிவதில்லை. அங்கே ஒவ்வொரு பரப்பணுவின் மீதும் நொடிக்குச் சுமார் 4 கோடி ஆக்சிஜன் மூலக்கூறுகள் மோதுகின்றன. நூற்றில் தொண்ணூற்றொன்பது திரும்பினாலும் சில மைக்ரோநொடிகளில் பரப்பு மூடிவிடும்.

மூலக்கூறுக் கற்றையின் வேகத்தைக் கூட்டினால் ஒட்டும் வாய்ப்பும் ஏறுகிறது. கசெமோ குழுவினர் 1997இல் வெளியிட்ட அளவீடுகளில், 0.03 எலக்ட்ரான்வோல்ட்டில் 0.01 ஆக இருந்தது, 0.6ஐத் தாண்டும்போது 0.9ஐ எட்டியது. ஆக, வழியில் ஓர் ஆற்றல் தடை இருக்கிறது. வழக்கமான அடர்த்திச் சார்பியக் கணக்கீடுகளோ தடையே இல்லை என்றன. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் துறையை உறுத்திவரும் முரண் இது.

பெர்லினில் பேலர், ராய்ட்டர், ஷெஃப்லர் முதலியோர் 2005இல் எலக்ட்ரான் தற்சுழற்சியைக் காரணமாகக் காட்டினர். ஆக்சிஜன் மூலக்கூறில் இணைசேராத எலக்ட்ரான்கள் இரண்டு. அது மும்மை நிலையில் வருகிறது. அலுமினியம் இலகுவான தனிமம் என்பதால் தற்சுழற்சியை மாற்றிவிடும் இடைவினை அதில் வலுவற்றது. மூலக்கூறை மும்மை நிலையிலேயே கட்டிவைத்துக் கணக்கிட்டபோது தடை தோன்றியது. 2012இல் லிபிஷ், கார்ட்டர் குழுவினர் இதை மறுத்தனர். எலக்ட்ரான்களின் ஒட்டுறவைச் செம்மையாகக் கையாளும் அலைச்சார்பு முறையில், அந்தக் கட்டு இல்லாமலே தடை வந்தது. உலோகத்திலிருந்து மூலக்கூறுக்கு எலக்ட்ரான் திடுமெனத் தாவும் இடம்தான் அந்தத் தடை. வழக்கமான கணக்கீடுகள் அந்தத் தாவலைத் தொலைவிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டு மழுப்பிவிடுகின்றன. தற்சுழற்சி விதி தேவையற்றது என்ற அவர்களின் முடிவை நான் ஏற்கிறேன்.

ஆனால் அதே கணக்கீடு இன்னொன்றும் சொன்னது: குறைந்த ஆற்றலில் முதன்மையான வழி பிடுங்கல். பரப்பு ஓர் அணுவைப் பற்றிக்கொள்ள, மற்றது வெளியே வீசப்படும். இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1992இல் புருன், வின்டர்லின், பேம், எர்ட்டில் ஆகியோர் ஊடுருவு மின்னோட்ட நுண்ணோக்கியில் தனித்தனி அணுக்களைக் கண்டு, பிளந்த அணுக்கள் குறைந்தது 80 ஆங்ஸ்ட்ராம் விலகி ஓடுவதாக வாதிட்டனர். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வியன்னாவில் ஷ்மிட் குழுவினர் தாழ்ந்த வெப்பநிலையில் பார்த்தபோது, அணுக்கள் ஓரிரு அணு இடைவெளியில் இணையாக அமர்ந்திருந்தன. நுண்ணோக்கிப் படத்தில் ஒற்றைப் புள்ளியாகத் தெரிவதெல்லாம் ஒற்றை அணு அல்ல. அதற்காகப் பிடுங்கல் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. வெளியேறும் அணுவை லேசரால் அயனியாக்கியே பிடித்திருக்கிறார்கள்.

கேள்வி, அது எந்த அளவுக்கு, எந்த ஆற்றலில் என்பதே. பிடுங்கல் நடக்க மூலக்கூறு செங்குத்தாக வருவது வசதி. 2013இல் குரஹாஷியும் யமவுச்சியும் மூலக்கூறு அச்சின் திசையைத் தேர்ந்து கற்றையை அனுப்பினர். 0.1 எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே, பரப்புக்கு இணையாகப் படுத்து வருபவையே பெரிதும் ஒட்டின. செங்குத்தானவை அதற்கு மேல்தான் பங்கு கேட்டன. தடையின் உயரத்தைச் சரியாகச் சொன்ன கணக்கீடு, வினை எந்தக் கோலத்தில் நடக்கிறது என்பதில் சோதனையோடு ஒத்துப்போகவில்லை. தடையின் உயரம் ஒற்றை எண். பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்தும் அதை எட்டிவிடலாம். திசைச் சார்பில் அப்படித் தப்பிக்க இடமில்லை. கார்ட்டர் குழுவின் மின்னூட்டத் தாவல் விளக்கத்தை வைத்துக்கொள்ளலாம். அதனுடன் சேர்த்துக் கட்டப்பட்ட பிடுங்கல் முதன்மை என்ற கூற்றை, குறைந்தபட்சம் அறைவெப்பநிலை மோதல்களுக்கேனும், பிரித்து ஒதுக்க வேண்டும்.