எட்டு மாதங்களில் எட்டுப் பாடசாலைகள்

வண. வில்லியம் ஓல்ட் என்ற பெயரைப் பரிசளிப்பு விழா அறிக்கையின் முதற் பந்தியில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அறிக்கை அந்தப் பெயரோடு நின்றுவிடும். அவர் மட்டக்களப்பில் வாழ்ந்தது எட்டு மாதங்களே என்பதும், அதற்கு முந்திய எட்டு மாதங்களில் அவருக்கு என்ன நேர்ந்தது என்பதும் அதில் வருவதில்லை. நூற்றாண்டு மலரில் அதைச் சற்று விரிவாகச் சொல்ல இடமுண்டு.

1813 டிசம்பர் இறுதியில் ஆறு இளம் மெதடிஸ்த மிஷனரிமார் இங்கிலாந்திலிருந்து இரண்டு கப்பல்களில் புறப்பட்டனர். தலைமை தாங்கியவர் கலாநிதி தோமஸ் கோக், வயது 66. ஆசியாவுக்கு மிஷன் அனுப்பச் சபை பணத்துக்காகத் தயங்கியபோது, தம்முடைய சொந்தப் பணத்தில் 6000 பவுண் தருவதாகச் சொன்னவர். ஓல்ட் தம் மனைவியோடு கப்பலேறினார். 1814 பெப்ரவரியில், பயணம் பாதியும் ஆகுமுன்னர், மனைவி இறந்தார். உடல் கடலில் அடக்கம் செய்யப்பட்டது. மே 3ஆம் திகதி காலையில் கோக் தமது அறையில் இறந்து கிடந்தார். பம்பாயில் இறங்கியபோது ஆறு பேரிடமும் தலைவரும் இல்லை, கையில் போதிய பணமும் இல்லை. வில்லியம் மனி என்ற ஆங்கிலேய வணிகர் கடன் கொடுத்து உதவினார். (‘மனி’ என்பது அவருடைய உண்மையான குடும்பப் பெயர்தான்!)

ஜூன் 29இல் ஐவர் காலித் துறைமுகம் வந்தனர். ஹாவர்ட் தம்பதியர் பின்னர் வந்து சேர்ந்தனர். ஜூலை 11இல் ஐவரும் கூடி இடங்களைப் பங்கிட்டனர். யாழ்ப்பாணத்துக்கு லிஞ்சும் ஸ்குவான்ஸும், மாத்தறைக்கு ஏர்ஸ்கின், காலிக்கு குளோ, மட்டக்களப்புக்கு ஓல்ட் என்று முடிவாயிற்று. யாழ்ப்பாணம் போனவர்களுக்குப் பேச்சுத்துணை இருந்தது. ஆறு மாதத்துக்குள் மனைவியை இழந்திருந்த ஓல்ட், தமிழ் தெரியாத நிலையில், தனியாக வந்தார்.

மெதடிஸ்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்குப் புத்தாண்டில் நடைபெறும் உடன்படிக்கை ஆராதனை தெரிந்திருக்கும். ஜோன் வெஸ்லி 1755 ஓகஸ்ட் 11இல் லண்டனில் அதை முதன்முதல் நடத்தினார். கடவுள் எந்த வேலையில் வைத்தாலும் சம்மதம் என்று தன்னை ஒப்புக்கொடுப்பதே அதன் சாரம். வருடத்தில் ஒருநாள் அப்படிச் சொல்வது எளிது. மறுநாள் காலையில் வருகிற வேலை நாம் நினைத்திருந்த வேலையாக இருப்பதில்லை.

ஓல்டின் நிலையும் அதுவே. அவர் பிரசங்கம் செய்யப் புறப்பட்டவர். ஆனால் அரசாங்கம் மிஷனரிமாரிடம் வேண்டியது பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பதை. அதற்கு உதவிப் பணமும் தர முன்வந்தது. மதம் பரப்பும் நோக்கம் அவருக்கு இல்லாமல் இல்லை. அதை மறைத்து எழுதுவது வரலாறாகாது. எனினும் இந்த ஊரில் தம்மிடம் கேட்கப்பட்டதை அவர் இழிவாக எண்ணவில்லை. புளியந்தீவுக்கும் கல்லடிக்கும் இடையே பாலம் வர இன்னும் 110 வருடங்கள் இருந்தன. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் போக்குவரத்துத் தோணியிலேதான். அந்த நிலையில் எட்டு மாதங்களில் எட்டுப் பாடசாலைகளை அவர் தொடங்கினார் என்று மெதடிஸ்த வரலாறு கூறுகிறது. மத்திய கல்லூரி 1814ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்வதும் இதனாலேயே. 1815 ஏப்ரல் 1ஆம் திகதி ஓல்ட் காலமானார்.

இறைபணி என்ற சொல் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. நம் சங்கத்தில் சைவரும் இஸ்லாமியரும் இருக்கிறார்கள். ஆகவே இன்னொருவரையும் இங்கே நினைக்க வேண்டும். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பில் யேசுசபைத் துறவிகளின் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். 1924இல் சென்னையில் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். துறவியானவர் தியானத்தில் இருந்திருக்கலாம். அவருக்கு வாய்த்ததோ இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை நிர்வகிக்கும் பொறுப்பு. நன்கொடை தேடல், கட்டடம், கணக்கு என்று அதற்குள் எத்தனையோ வேலைகள். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. ‘யாழ் நூல்’ எழுதிய அறிஞர் என்றே அவரைப் பெரும்பாலும் புகழ்கிறோம். அந்த நிர்வாக வேலையையும் அதற்குச் சமமாகவே நான் மதிக்கிறேன். பாடசாலை நடத்திப் பார்த்தவர்களுக்கு அதன் பாரம் தெரியும்.

ஓல்டின் காலத்தில் பெண்பிள்ளைகளின் படிப்புப் பெரிதாகப் பேசப்படவில்லை. பெண்பிள்ளையைத் தோணியில் ஏற்றிப் பள்ளிக்கு அனுப்பத் துணிந்த முதல் தாய்மாரின் பெயர்கள் எந்த அறிக்கையிலும் இல்லை. அவர் இறந்து ஐந்து வருடங்களில், 1820இல், வின்சன்ட் மகளிர் பாடசாலை தொடங்கியது.