அளந்து காட்டிய கண்ணாடித் தூண்

ஊரை விட்டு வந்து வடபுலத்தில் வாழும் நம் நாவில், பயணத்தின்போது தாமே மாறிக்கொள்ளும் சொற்கள் சில உண்டு. இங்கே ‘பெட்ரோல் பம்ப்’ என்றால்தான் வண்டியோட்டிக்கு விளங்குகிறது. சென்னையில் இறங்கியதும் அதுவே ‘பெட்ரோல் பங்க்’ ஆகிவிடுகிறது. பங்க் என்பது சாலையோரச் சிறு கடையைக் குறிக்கும் சொல். பம்ப் என்பது அங்கு நிற்கும் பொறியின் பெயர். தெற்கே கடையின் பெயரால் இடத்தை அழைக்கிறோம். வடக்கே பொறியின் பெயரால் அழைக்கின்றனர். அந்தப் பொறிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை எண்ணெயின் வரலாறு என்பதைவிட, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நின்ற ஐயத்தின் வரலாறு என்பதே பொருந்தும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கழித்துப் போடப்பட்ட பழைய பெட்ரோல் பம்புகளை விலை கொடுத்து வாங்கி, துருவகற்றி, வண்ணம் தீட்டி, தம் வீட்டு மோட்டார் கொட்டகையில் விளக்கேற்றி நிறுத்துவோர் பலர் உளர். கேட்பவருக்கு இது வேடிக்கையான ஆசையாகத் தோன்றலாம். ஆயினும் அவர்கள் மீட்டெடுப்பது எதை என்பதை அறிந்தால் வேடிக்கை விலகிப் பொருள் விளங்கும்.

இந்தியானா மாநிலத்தில் போர்ட் வெய்ன் என்றொரு நகரம் உள்ளது. அங்கு வாழ்ந்த சில்வேனஸ் பௌசர் என்பவர் 1885-இல் ஒரு மளிகைக் கடைக்காரருக்குக் கைப்பம்பு ஒன்றைச் செய்து கொடுத்தார். அது மண்ணெண்ணெய்க்கென்று அமைந்தது. உந்துதண்டு மரத்தால் ஆனது. தடுக்கிதழ்களுக்குப் பதில் கோலிக் குண்டுகள். மோட்டார் வண்டிகள் பெருகியபின், 1905-இல், அதே பௌசர் நிறுவனம் பெட்ரோலை அளந்து ஊற்றும் பம்பை விற்பனைக்குக் கொணர்ந்தது. வெய்ன், டோக்கைம் என்னும் பெயர் பெற்ற பம்பு நிறுவனங்களும் பின்னர் அந்நகரிலேயே தழைத்தன. ஒரே நகரம் ஒரு நாட்டுக்கே அளவுகோல் செய்து தந்தது எனலாம்.

அதற்கு முன்பெல்லாம் பெட்ரோல் தகரக் குவளைகளில் அளக்கப்பட்டு, தோல் விரித்த புனலின் வழியாக வடிகட்டி வண்டியில் ஊற்றப்பட்டது. 1913 டிசம்பரில் பிட்ஸ்பர்க் நகரில் கல்ப் நிறுவனம், வண்டியை உள்ளே ஓட்டிச் சென்று நிரப்பிக்கொள்ளும் நிலையம் ஒன்றைத் திறந்தது. அன்று ஒரு கேலன் 27 சென்ட். முதல் நாள் விற்றது 30 கேலன். அமெரிக்கக் கேலன் என்பது ஏறத்தாழ 3.8 லிட்டர்.

பம்பு வந்தது, ஐயமும் உடன் வந்தது. நிலத்தடித் தொட்டியிலிருந்து எழும் எண்ணெய், இரும்புப் பெட்டிக்குள் புகுந்து குழாய் வழியே வண்டிக்குள் மறைந்துவிடுகிறது. ஐந்து கேலனுக்குப் பணம் தந்தவர், வந்தது ஐந்தா நான்கரையா என்பதை எங்ஙனம் அறிவார்? மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்து கண்ணெதிரே கறந்து தரச் சொன்ன நம் பாட்டிமாரின் எண்ணம் எதுவோ, அதுவே அந்நாட்டு வண்டிக்காரர்களின் எண்ணமும் ஆயிற்று.

அதற்கு விடையாக எழுந்ததே கண்ணாடிப் பம்பு. உயரமான இரும்புத் தண்டின் உச்சியில் ஐந்து அல்லது பத்துக் கேலன் கொள்ளும் கண்ணாடி உருளை; அதனுள் கேலனுக்கு ஒன்றாக எண்ணிட்ட குறிகள். பணியாள் நீண்ட கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ள, எண்ணெய் மேலேறி உருளையை நிரப்பும். பின்னர்த் திறப்பைத் திருப்பினால் தன் எடையாலேயே வண்டிக்குள் இறங்கும். மட்டம் எந்தக் குறிவரை தாழ்ந்ததோ அவ்வளவுக்கே காசு. நிறுவனங்கள் சில தம் எண்ணெய்க்கு நிறமூட்டியும் விற்றன. 1920-களில் சாலையோரங்களில் நீலமும் சிவப்புமாக ஒளிர்ந்த இத்தூண்கள் அழகுக்காக அல்ல, சான்றுக்காகவே எழுந்தன.

மின்விசையும் அளவுமானியும் வந்தபின் கண்ணாடித் தூண் மறைந்தது. கடிகார முகம்போன்ற தட்டில் முள் சுழன்று கேலனைக் காட்டியது. ஆனால் விலையைப் பெருக்கிச் சொல்லும் வேலை பணியாளிடமே இருந்தமையால் வழக்கும் ஓயவில்லை. 1930-களின் தொடக்கத்தில் பற்சக்கரங்களால் கணக்கிட்டு அளவையும் தொகையையும் ஒருசேரக் காட்டும் பம்பு பிறந்தது. அப்போதும் எண்ணெய் ஓடுவதைக் காட்டும் சிறு கண்ணாடிச் சாளரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தனர். தூண் சிறுத்துச் சாளரம் ஆயிற்று. ஐயம் மட்டும் சிறுக்கவில்லை.

அச்சக்கரங்களுக்கும் ஓர் எல்லை இருந்தது. பலவற்றில் ஒரு கேலனின் விலையை 99.9 சென்ட் வரைதான் அமைக்க இயலும். 1979-இல் விலை ஒரு டாலரைத் தாண்டியபோது, பல நிலையங்கள் அரைக் கேலனின் விலையைப் பொறியில் அமைத்து, அது காட்டிய தொகையை இரட்டித்து வாங்கின. உண்மை சொல்லவே பிறந்த பொறி பாதியே சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது. பழைய பம்புகள் பல அதன்பின் களஞ்சியங்களுக்கும் குப்பை மேடுகளுக்கும் சென்றன.

அங்கிருந்தே மீட்போரின் பணி தொடங்குகிறது. முதலில் எஞ்சிய எண்ணெயை வடித்து, ஆவி போகுமாறு காற்றாட வைக்கவேண்டும். ஒரு பொறி பட்டாலும் தீங்கு நேரும். பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடுமாதலால் முகமூடியின்றிச் சுரண்டலாகாது. மணலை வேகமாகப் பாய்ச்சித் துருவகற்றினால் மெல்லிய தகடு நெளிந்துவிடும். கதவின் உட்புறத்திலும் திருகாணியின் அடியிலும் முதல் வண்ணம் ஒளிந்திருக்கும். அடுக்கடுக்காக மேலே பூசிய வண்ணங்களை நீக்கி அதனைத் தேடிக் காண்பர். உச்சியிலிருந்த கண்ணாடி உருண்டை விளக்கே எல்லாவற்றினும் அருமையானது. மொபில்காஸின் சிறகு முளைத்த சிவப்புக் குதிரையும், ஷெல்லின் சிப்பியும், ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் முடியும் அவற்றில் ஒளிவிட்டு, இரவில் வருவோருக்குத் தொலைவிலிருந்தே வழி காட்டின. இன்று அவ்வுருண்டைகள் புதிதாகவும் வார்க்கப்படுகின்றன.

இவ்விடத்தில்தான் ஒரு கேள்வி எழுகிறது. சிலர் பம்பின் குடலையெல்லாம் உருவி எறிந்துவிட்டு, உள்ளே தட்டுகள் பொருத்திப் புட்டிகள் அடுக்கும் பேழையாக்குகின்றனர். சிலர், அப்பம்பு ஒருநாளும் விற்றறியாத நிறுவனத்தின் நிறத்தை அதற்குப் பூசுகின்றனர். புதிய உருண்டையைப் பழையதென்று விற்போரும் உண்டு. தம் வீட்டுப் பொருளைத் தம் விருப்பப்படி செய்துகொள்ள எவருக்கும் உரிமை உண்டு. ஆயினும், அளவில் பொய் நுழையாமல் காக்கப் பிறந்த பொருளை வைத்தே பொய் உரைப்பது வரலாற்றுக்குச் செய்யும் தீங்கு அன்றோ? சக்கரங்களை உள்ளே இருத்தி, எது பழையது, எது புதிதாக இட்டது என எழுதிவைப்பவரே மெய்யாக மீட்டவர் ஆவார். பளபளப்புச் சற்றுக் குறைந்தாலும் அவருடைய பம்பு சான்றாக நிற்கும்.

இது அயல்நாட்டுச் செய்தி என்று நாம் ஒதுங்கவேண்டுவதில்லை. 1928-இல் தோன்றிய பர்மா ஷெல் 1976-இல் அரசுடைமையாகிப் பின்னர்ப் பாரத் பெட்ரோலியம் ஆயிற்று. எஸ்ஸோவின் இந்தியத் தொழில் 1974-இல் அரசுடைமையாகி இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆயிற்று. அப்பெயர்கள் பொறித்த பற்சிப்பிப் பலகைகளும் எண்ணெய்த் தகரங்களும் இன்று தேடி வாங்கப்படுகின்றன. நம் குடும்பங்களில் எவரேனும் ஊர் வீட்டுப் பரணில் அத்தகைய ஒன்றைக் காண நேர்ந்தால், பழைய இரும்புக்குப் போடுமுன், புளியிட்டுத் தேய்க்குமுன், ஒருகணம் நிற்குமாறு வேண்டுகிறேன். யார் கடையில், எந்த ஆண்டில் அது தொங்கியது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொருள் துருப்பிடித்தால் மீட்கலாம். அதனைச் சொல்லக்கூடியவரின் நினைவு மறைந்தால் மீட்கவொண்ணாது.

இன்றும் பம்புக்காரர் நம்மிடம் பூச்சியத்தைப் பார்க்கச் சொல்கிறார். ஐயமிருப்பின், முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் கலத்தில் அளந்து காட்டுமாறு கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்தக் கலம் கண்ணாடித் தூணின் வழித்தோன்றல். அடுத்தமுறை வண்டியை நிறுத்தும்போது நம் குழந்தைகளுக்கு இக்கதையைச் சொல்வோம். பங்க் என்றாலும் பம்ப் என்றாலும், கண்முன் அளந்து தருவதே வாணிபத்தின் அறம் என்பது இரு சொற்களுக்கும் பொதுவான பொருளாகுக!