வளவிலிருந்து சீமெந்துத் தரைக்கு: வன்னியில் நாய்க்குட்டியின் இடம்

இலங்கையின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா உள்ளிட்ட மாவட்டங்களைக் கொண்ட வன்னிப் பெருநிலப்பரப்பின் பழைய குடியிருப்புகளில் நாய்க்குட்டியைப் பழக்குவதென்பது, திண்ணைக்கும் முற்றத்துக்கும் இடையிலுள்ள எல்லையை அதற்கு உணர்த்துவதோடு ஏறத்தாழ முடிந்துவிடும் வேலையாகவே இருந்தது. வீடு, முற்றம், கிணறு, கோடிப்புறம், பயிர்நிலம் யாவும் ஒரே வேலிக்குள் அடங்கிய நிலத்தை வளவு என்பர். 1930களில் தொடங்கிய கிளிநொச்சிக் குடியேற்றங்களிலும் இந்த அமைப்பே தொடர்ந்தது. சேனைப் பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பதற்கும் உடும்பு வேட்டைக்கும் வளர்க்கப்பட்ட நாய் வெளியில் வாழும் உயிராகவே கருதப்பட்டதால், அதன் கழிவுக்கென்று வீட்டுக்குள் ஓர் இடம் ஒதுக்கும் தேவை எழவில்லை.

ஆயினும் குட்டி எப்போதும் எல்லையை மதிப்பதில்லை. சாணியால் மெழுகிய மண்தரையில் அது நீர் கழித்துவிட்டால் ஈரம் மண்ணுக்குள் இறங்கி, வாடை தங்கி, அதே இடத்துக்கு அதை மீண்டும் இழுத்துவரும் என்பதால், அடுப்புச் சாம்பலை உடனே அள்ளிப் போட்டு, ஈரம் ஊறும் வரை விட்டு, பின்னர் சிரட்டையால் வழித்தெடுத்துக் கோடிப்புறத்துக் கிடங்கில் தாட்டு, அந்த இடத்தை மட்டும் மறுபடி மெழுகினர். சாம்பல் ஈரத்தை உறிஞ்சுவதோடு வாடையையும் தணிக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர் 1947இல் பூனைக் கழிவுக்காக உறிஞ்சும் களிமண்ணை விற்கத் தொடங்கினார். அவருடைய அயலவர் ஒருவர் அதற்கு முன் பயன்படுத்தி வந்ததும் சாம்பலைத்தான். இன்று நாய்க்குட்டிகளின் கழிவுக்கென விற்கப்படும் விரிப்பு, 1980களில் குழந்தை அணையாடைகளில் பரவிய தொழில்நுட்பத்தைச் சார்ந்தது: மேலே மெல்லிய துணிப்படை, நடுவே மரக்கூழும் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சிக் கூழாகும் பொடியும், அடியில் பிளாஸ்டிக் தாள்.

பழைய முறை குறையற்றதென்று கொள்வது தவறாகும். தாயின் கருப்பையிலிருந்தே வட்டப்புழு தொற்றிப் பிறக்கும் குட்டிகள் பல. அவற்றின் கழிவிலுள்ள முட்டைகள் மண்ணில் நெடுங்காலம் உயிர்ப்போடு கிடக்கும். கொக்கிப்புழுவின் நுண்புழுக்களோ ஈரமணலில் வெறுங்காலுடன் விளையாடும் பிள்ளைகளின் தோலைத் துளைத்துப் புகவல்லவை. ஆனால் நாய்கள் தொடர்பில் அரசின் கவனம் மிகுதியும் விசர்நாய்க்கடியின் மீதே இருந்தது. 1893ஆம் ஆண்டின் விசர்நோய்ச் சட்டமும் 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுச் சட்டமும் அந்தக் கவலையைக் காட்டுகின்றன.

வளவு என்னும் ஒழுங்கைக் குலைத்தது உள்நாட்டுப் போர். 2008இலும் 2009இன் தொடக்கத்திலும் மக்கள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர்ந்து முள்ளிவாய்க்கால் வரை சென்றபோது, வீட்டுக்குரியதாக எஞ்சியது தறப்பாளும் பதுங்குகுழியும் மட்டுமே. உழவு இயந்திரத்தின் பெட்டியில் நெல்மூட்டைக்கும் முதியவர்க்கும் இடம் தேடியவர்கள் நாயை விட்டுச்செல்ல நேர்ந்ததை இரக்கமின்மை என்று எவரும் சொல்ல முடியாது. அதன்பின் வவுனியாவின் செட்டிகுளத்தில் 2012 செப்ரெம்பரில் மூடப்படும் வரை இயங்கிய மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில், கூடாரங்கள் வரிசையாக நெருங்கி நின்றன. வளவென்று சொல்ல அங்கே எதுவும் இருக்கவில்லை.

மீள்குடியேற்றத்தோடு தரையும் மாறியது. வீடொன்றுக்கு 550,000 ரூபாவைத் தவணைகளாக வழங்கி, வீட்டுக்காரரே கட்டிக்கொள்ள வழிவகுத்த இந்திய வீடமைப்புத் திட்டம் உட்பட, பல திட்டங்கள் சீமெந்துத் தரையுள்ள கல்வீடுகளைக் கொண்டுவந்தன. சீமெந்து ஈரத்தை உடனே உள்வாங்காததால் நீர் பரந்தோடுகிறது. மெழுகி மூடவும் முடியாது. விரிப்பும் அதைப் பிடித்துவைக்கும் சட்டமும் இத்தகைய தரைக்கே உரியவை.

அந்தச் சட்டத்தின் அமைப்பு எளியது. அடியில் ஒரு தட்டு, அதன்மேல் விரிப்பு, விரிப்பின் நான்கு ஓரங்களையும் அழுத்திப் பிடிக்க மேலே நடுப்பகுதி திறந்த இன்னொரு சட்டம். ஓரம் பல்லுக்கு அகப்படாவிட்டால் குட்டி அதைக் கிழிக்காது, விளிம்பு சற்று உயர்ந்திருந்தால் நீர் வெளியே வழியாது. பலகை நீரை உறிஞ்சி நாறும் என்பதால், நீர்க்குழாய் வேலையில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை முழங்கை மூட்டுகளால் இணைப்பதே இதற்கு ஏற்றது. கழிவு சேகரிக்கும் வண்டி எட்டாத ஊரில், உக்காத பிளாஸ்டிக் தாளுள்ள விரிப்பைக் கிடங்கில் தாட்பதோ எரிப்பதோ மண்ணுக்குச் செய்யும் கேடாகும்; அங்கே அதே சட்டத்தில் நாலாக மடித்த பழைய சேலையைச் செருகி, கழிவை வழித்துத் தாட்ட பின்னர், கிணற்றடிக்கு எட்டத்தில் துணியைத் துவைத்து வெயிலில் காயவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம்.