செம்மண் குன்றும் இருபது தொட்டிகளும்

ஒரு கேள்வி. மண்ணுக்கு அடியில் எரிபொருள் கசிந்தால் அது நமக்கு எப்படித் தெரியும்? மேலே புகை வராது, தீப்பிடிக்காது. நிலத்தடி நீரைத் தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். இதற்கு ஹவாய்த் தீவுகளில் நடந்த கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஓஹு தீவில் பேர்ல் ஹார்பர் துறைமுகத்துக்கு அருகே இருப்பது ரெட் ஹில் என்ற குன்று. கப்பல்களுக்கான எண்ணெய் தரைமேல் தொட்டிகளில் இருந்தால் ஒரு விமானத் தாக்குதலில் எல்லாம் போய்விடும் என்று அமெரிக்கக் கடற்படை பயந்தது. அதனால் 1940இல் இந்தக் குன்றைக் குடையத் தொடங்கி, 1943இல் 20 தொட்டிகளைக் கட்டி முடித்தார்கள். ஒவ்வொன்றும் 250 அடி உயரம், 100 அடி விட்டம். அதாவது, 20 மாடிக் கட்டிடம் ஒன்றை உள்ளே நிற்க வைக்கலாம்! ஒரு தொட்டியின் கொள்ளளவு 1.25 கோடி கேலன். பல ஆண்டுகள் இப்படி ஓர் இடம் இருப்பதே ரகசியம்.

பொறியியலில் இது பெரிய சாதனைதான். ஆனால் தொட்டிகளின் அடிப்பக்கத்திலிருந்து சுமார் 100 அடி கீழே ஹொனலூலு மக்கள் குடிக்கும் நிலத்தடி நீர் இருக்கிறது. வேறு பெரிய நீராதாரம் இல்லாததால், 1987இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை அப்பகுதியின் முதன்மைக் குடிநீர் ஆதாரமாக அறிவித்தது.

சரி, கண்காணிப்பு எப்படி நடக்கும்? நீர்மட்டம் வரை குறுகிய ஆழ்துளைக் கிணறுகள் போடுவார்கள். எண்ணெய் நீரைவிட லேசானது, மேலே மிதக்கும். எனவே கிணற்றுக் குழாயில் துளைகள் உள்ள பகுதி நீர்மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் நீரை எடுத்து பென்சீன், நாப்தலீன், மொத்தப் பெட்ரோலிய அளவு ஆகியவற்றைச் சோதிப்பார்கள். நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைந்திருந்தால் அதுவும் ஒரு துப்பு. நுண்ணுயிரிகள் எண்ணெயைத் தின்னும்போது ஆக்சிஜனையும் தீர்த்துவிடும்.

ரெட் ஹில்லில் சிக்கல் என்னவென்றால், அது எரிமலைப் பாறை. எண்ணெய் நேராக இறங்காமல் வெடிப்புகள் வழியே எங்கெங்கோ போகும். பக்கத்துக் கிணறு சுத்தமாக இருக்கலாம், தள்ளியுள்ள கிணற்றில் எண்ணெய் தெரியலாம். 2014 ஜனவரியில் பழுது பார்த்துத் திரும்ப நிரப்பிய 5ஆம் எண் தொட்டியிலிருந்து 27,000 கேலன் ஜெட் எரிபொருள் கசிந்தது. அதன் பிறகு 2015இல் அரசு அமைப்புகளும் கடற்படையும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஆய்வுகள் நடந்தன, கிணறுகள் கூடின. நிலத்தடி நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதில் மட்டும் கடைசிவரை கருத்து ஒற்றுமை வரவில்லை.

நான் வணிகவியல் மாணவன் என்பதால் எனக்கு இதில் உறுத்துவது ஒன்று. தொட்டி யாருடையதோ அவர்களே கிணற்று நீரை எடுத்துச் சோதித்து அறிக்கையும் கொடுக்கிறார்கள். தன் கணக்கைத் தானே தணிக்கை செய்வது என்று நம் பாடத்தில் இதைச் சொல்வோம். பொய் எழுத வேண்டும் என்றில்லை, சந்தேகத்தின் பலனைத் தனக்கே கொடுத்துக்கொண்டால் போதும்!

2021 மே மாதம் குழாயில் அழுத்தம் ஏறி எரிபொருள் சிந்தியது. அதில் பெரும்பகுதி தீயணைப்பு வடிகால் குழாய்க்குள் போய்த் தங்கிவிட்டது. நவம்பர் 20 அன்று சுரங்கப்பாதையில் ஓடும் சிறு வண்டி ஒன்று அந்தக் குழாயின் வால்வில் இடித்தது. எரிபொருள் சுரங்கத்தில் கொட்டி, கடற்படையின் குடிநீர்க் கிணற்றில் கலந்தது. எதுவும் வெளியே போகவில்லை என்றுதான் கடற்படை முதலில் சொன்னது. ஒரு வாரத்துக்குப் பிறகு வீடுகளில் குழாயைத் திறந்தவர்களுக்குப் பெட்ரோல் வாடை அடித்தது. தலைவலி, வாந்தி, தோல் அரிப்பு... சுமார் 93,000 பேருக்கு நீர் வழங்கிய அமைப்பு அது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஓட்டல்களுக்குக் குடிபெயர்ந்தன. இத்தனை கண்காணிப்புக் கிணறுகள் இருந்தும் முதலில் கண்டுபிடித்தது மனித மூக்கு!

முன்னெச்சரிக்கையாக ஹொனலூலு குடிநீர் வாரியம் தன் பெரிய ஹலாவா கிணற்றை மூடியது. 2022 மார்ச்சில் ரெட் ஹில்லை நிரந்தரமாக மூட அமெரிக்கப் பாதுகாப்புத் துறை முடிவெடுத்தது. 2023 அக்டோபரில் தொடங்கி 10 கோடி கேலனுக்கும் மேல் எரிபொருளை வெளியேற்றினார்கள்.

தொட்டிகள் காலியானதும் கதை முடிந்ததா? இல்லை. பாறை இடுக்கில் தங்கிய எண்ணெய் மெல்ல மெல்லத்தான் இறங்கும், எனவே தொட்டி காலியான பிறகும் கிணற்று நீரைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடையை மூடினாலும் கடன் மூடாது என்பது நம் ஊர் வியாபாரிகளுக்கும் தெரியும். எண்ணெய்த் தொட்டியைக் கட்டும்போதே அந்தக் கடனையும், அதைச் சரிபார்க்கும் வெளியாளின் சம்பளத்தையும் கணக்கில் எழுதிவிட வேண்டும் என்பதே என் கருத்து. எழுதாமல் விட்ட செலவை ஓஹுவில் தண்ணீர் குடித்த குடும்பங்கள் அல்லவா கட்டின?