பின்னுதைப்புக் குறைப்பு (வேட்டை ரைஃபிள்)

பின்னுதைப்புக் குறைப்பு என்பது வேட்டை ரைஃபிள் வெடிக்கும்போது சுடுபவரின் தோளில் விழும் இடியைத் தணிக்கும் முறைகளைக் குறிக்கும். குண்டும் வெடிவாயுவும் முன்னே பாயும் உந்தத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே தள்ளப்படுகிறது. தள்ளலின் ஆற்றல் தோட்டாவையும் துப்பாக்கியின் எடையையும் பொறுத்தது. உடல் உணரும் உதைப்பைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டையின் வடிவமே.

வரலாறு

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பின்னுதைப்பின் கடுமைக்குத் தக்க எடுத்துக்காட்டு, பெங்களூரில் வாழ்ந்த வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சனின் (1910–1974) ரைஃபிள். சாமலா பள்ளத்தாக்கு, மாமண்டூர் ஆகிய காடுகளின் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி எழுதிய இவர், .405 வின்செஸ்டரையே பெரிதும் நம்பினார். ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1895ஆம் ஆண்டு மாதிரி ரைஃபிளுக்காக 1904இல் வந்த தோட்டா அது. 19.4 கிராம் குண்டை நொடிக்குச் சுமார் 670 மீட்டர் வேகத்தில் செலுத்தும். தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றதும் இதே வகை ரைஃபிள்தான்.

அத்துப்பாக்கி முரட்டு உதைப்புக்குப் பேர்போனது. எடை நான்கு கிலோவுக்கும் குறைவு. கட்டை குழலின் நேர்கோட்டிலிருந்து நன்றாகக் கீழிறங்கிச் சரிந்திருக்கும். உதைப்பு குழலின் கோட்டில் பின்னே வர, தோள் அதற்குக் கீழே தாங்குவதால், குழல்வாய் மேலே எகிறும்; கட்டையின் மேல்விளிம்பு கன்னத்தில் அறையும். அடியிலிருந்த உலோகத் தகடு சிறிதும் அமுங்காது. அடி வாங்கிப் பழகியவர் அடுத்த முறை வெடிக்கும் முன்பே கண்ணை மூடி விசையை வெடுக்கென இழுப்பார், குறி தவறும். புலி வேட்டையில் அது காயம்பட்ட புலியில் போய் முடியும்.

முறைகள்

நேரான, உடலளவுக்கேற்ற கட்டையே முதல் தீர்வு. அகன்ற ரப்பர் அடித்திண்டு இடியைப் பரப்பி, நேரத்தை நீட்டி மெதுவாக்கும். அதே தோட்டாவுக்குத் துப்பாக்கியின் எடையை 3.6 கிலோவிலிருந்து 4.5 கிலோவாக்கினால் உதைப்பாற்றல் ஐந்தில் ஒரு பங்கு குறையும். காட்டில் நடப்பவருக்கு அது சுமை. துளையிட்ட குழல்வாய்த் தடுப்பு வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதைப்பை வெகுவாகக் குறைத்தாலும் காதைப் பிளக்கும். மருந்து குறைந்த தோட்டா பயிற்சிக்கு ஏற்றது. படுத்துச் சுடுகையில் உடல் பின்னே அசைய இடமில்லாததால் உதைப்பு கூடுதலாகத் தெரியும். நின்று, கட்டையைத் தோள்குழியில் இறுக்கிப் பிடித்தால் குறையும்.

இன்றைய நிலை

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பொழுதுபோக்கு வேட்டை நின்றது. 1989இல் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஸ்ரீ வேங்கடேசுவரா தேசியப் பூங்கா அமைந்தது. இம்முறைகள் இப்போது குறிசுடும் போட்டியாளர்களுக்குப் பயன்படுகின்றன.