சொந்த நிலத்தில் குளம் வெட்டுகிறீர்களா? இயந்திரம் வருமுன் கவனிக்க வேண்டியவை

தோட்டத்தை விட்டு வெளியேறி, சேமிப்பைப் போட்டு இரண்டு மூன்று ஏக்கர் நிலம் வாங்கியவர்கள் நம்மில் உண்டு. மீன் வளர்க்கவும் காய்கறிப் பயிருக்கு நீர் பாய்ச்சவும் அங்கே ஒரு குளம் வேண்டும் என்று அவர்கள் நினைப்பது இயல்பு. எக்ஸ்கவேட்டர் வந்தால் சில நாள்களில் குழி தயாராகிவிடும். ஆனால் அதில் நீர் நிற்குமா, கரை தாங்குமா, வெட்டிய மண் எங்கே போகும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் போட்ட பணம் வீணாகலாம்.

அனுமதி

தீபகற்ப மலேசியாவில், 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஏ பிரிவின்படி, மண் வேலை தொடங்குமுன் ஊராட்சி மன்றத்திடம் வரைபடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். தேசிய நிலச் சட்டப்படி, மண் உங்களுடையதே என்றாலும் நில எல்லைக்கு வெளியே கொண்டுசெல்ல நில அலுவலகத்தின் அனுமதி தேவை. கிரானில் நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு என்று எழுதியிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அருகில் ஆறோ ஓடையோ இருந்தால் வடிகால் நீர்ப்பாசனத் துறையிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

மண் சோதனை

மூன்று நான்கு இடங்களில், குளத்தின் ஆழத்தைவிட அரை மீட்டர் கூடுதலாகச் சோதனைக் குழி வெட்டுங்கள். ஈர மண்ணைக் கையில் உருட்டினால் உடையாமல் மெல்லிய திரியாக நீண்டால் அது களிமண். நீரைப் பிடித்து வைக்கும். நொறுங்கினால் மணல் அதிகம், நீர் கசிந்துவிடும். மேற்குக் கரையோரத் தாழ்நிலங்களில் சில வகை மண், வெட்டிக் காற்றுப் பட்டதும் அமிலமாக மாறும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் விவசாய இலாகாவிடம் கேட்காமல் தொடராதீர்கள். அந்த நீரில் மீன் பிழைக்காது.

மண்ணின் கணக்கு

மேலே 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், சரிவான பக்கங்கள் கொண்ட குளத்தில் ஏறத்தாழ 840 கன மீட்டர் மண் வெளிவரும். வெட்டிய மண் உப்பும் என்பதால் அது 1,000 கன மீட்டரைத் தாண்டிவிடும். அதாவது 10 கன மீட்டர் பிடிக்கும் லோரியில் நூறு நடைக்கு மேல். இந்த மண்ணைக் கரைக்கும் பள்ளமான இடங்களை மேடாக்கவும் பயன்படுத்தினால் செலவும் அனுமதிச் சிக்கலும் குறையும்.

கரை

மேல்மண்ணையும் வேர்களையும் அகற்றிய பிறகே கரை போட வேண்டும். மண்ணை 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் அழுத்த வேண்டும். மொத்தமாகக் குவித்த கரை அடைமழையில் உடைந்தால் கீழே இருக்கும் வீட்டுக்கும் பயிருக்கும் சேதம். நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது அரை மீட்டர் கரை இருக்கட்டும். மிகை நீர் வெளியேறத் தனி வழியும் வேண்டும். அது அண்டை வீட்டுக்காரரின் நிலத்தில் போய் விழக்கூடாது.

உயிர்ப் பாதுகாப்பு

கிந்தா பள்ளத்தாக்கில் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: செங்குத்தான விளிம்பில் கால் தவறினால் மேலே ஏறுவது கடினம். ஆகவே ஒரு மீட்டர் இறங்க இரண்டு அல்லது மூன்று மீட்டர் நீளும் சரிவாகப் பக்கங்களை வெட்டச் சொல்லுங்கள். சுற்றிலும் வேலி, பூட்டிய கதவு, கரையில் கயிறும் மிதவையும் வேண்டும். வேலை நடக்கும்போது தோண்டிய விளிம்பருகே பிள்ளைகளை விடாதீர்கள். மேலே மின்கம்பி செல்கிறதா என்றும் பாருங்கள்.

இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், சோதனைக் குழியும் ஒப்புதல் கடிதமும் கையில் இருக்கட்டும். வேலி இல்லாமல் குளத்தில் நீர் நிரம்ப விடாதீர்கள்.